விசில் ஊதுற பிள்ளை

போன மாதம், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கும் சனிக்கிழமை விளையாட்டுக்கும் நடுவில் கார் ஓட்டியே தேய்கிற அப்பாக்களைப் பற்றி எழுதியிருந்தேன். 'எங்கட வீட்டிலயும் இதே கூத்துத்தான்' என்று கன பேர் பதில் போட்டிருந்தீர்கள். இந்த மாதமும் சனிக்கிழமைக் கதைதான். ஆனால் கார் ஓட்டுகிற அப்பாவைப் பற்றியதல்ல, மைதானக் கோட்டோரத்தில் நின்று கத்துகிற அப்பாவைப் பற்றியது. வேறு யாருமில்லை, நான்தான்.

எங்கள் மூத்தவளுக்கு இப்போது பதினேழு வயது. பள்ளி அணியில் ரக்பி ஆடிக்கொண்டிருந்தவள். பதினாலு வயதில் முழங்கால் சவ்வு கிழிந்து, சத்திரசிகிச்சை செய்து, மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து ஒருமாதிரி எழும்பினாள். ஓடலாம், ஆனால் மோதுகிற ஆட்டம் இப்போதைக்கு வேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். இனி கணக்கையும் விஞ்ஞானத்தையும் பார்ப்பாள் என்று நானும் மனைவியும் உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதிப்பட்டது உண்மை. 2022 நவம்பர் 12ஆம் திகதி, சும்மா இருக்கிற பிள்ளையைச் சந்தோஷப்படுத்தலாம் என்று ஈடன் பார்க்குக்கு, பெண்கள் உலகக் கோப்பை இறுதியாட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கேதான் எல்லாம் தொடங்கியது.

அந்த இரவு ஆக்லாந்தில் இருந்த யாரும் மறக்கமாட்டார்கள். 42,579 பேர். நியூசிலாந்து 34, இங்கிலாந்து 31. கடைசி நிமிடத்தில் இங்கிலாந்து எறிந்த பந்தை எங்கள் பிள்ளைகள் வானத்தில் பறித்தபோது பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மாவோரி ஆச்சி என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. ஆனால் என் மகள் பார்த்தது வேறு. ஆட்டம் தொடங்கி இருபது நிமிடம்கூட ஆகவில்லை, இங்கிலாந்தின் லிடியா தொம்சனும் எங்கள் போர்ஷியா வுட்மனும் தலையோடு தலை மோதினார்கள். நடுவர் திரையில் ஒருதரம், இரண்டுதரம் பார்த்தார். பிறகு சிவப்பு அட்டை. உலகக் கோப்பை இறுதியில் ஒரு அணியை ஒரு மணி நேரத்துக்கு மேல் பதினாலு பேராக்குகிற முடிவு. அந்த நடுவர் ஹோலி டேவிட்சன், ஸ்கொட்லாந்துக்காரி, அப்போது முப்பது வயது. அவரும் முதலில் ஆடியவர், தோளில் அடிபட்டு ஆட்டம் நின்று, விசிலைக் கையில் எடுத்தவர். 2017இல் ஸ்கொட்டிஷ் ரக்பி அவரை முழுநேரச் சம்பளத்தில் எடுத்தது.

வீட்டுக்கு வருகிற வழியில், காரின் பின் சீட்டிலிருந்து, "அப்பா, நான் ரெஃப்ரி ஆகலாம் எண்டு யோசிக்கிறன்" என்றாள். சண்ட்ரிங்கம் றோட்டில் சிவப்பு விளக்கு. நான் 'ம்' என்றேன். பசி வந்தால் அடங்கிவிடும் என்று நினைத்தேன்.

அடங்கவில்லை. அடுத்த வருடம் நடுவர் பயிற்சி வகுப்புக்குப் போனாள். விசில் வாங்கினாள். மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மூன்று அட்டை வாங்கினாள். எங்கள் அப்பாவிடம் யார் சொல்வது என்று இரண்டு வாரம் இழுத்தோம்.

அப்பா யாழ்ப்பாணத்தில் வங்கியில் வேலை செய்தவர். இங்கே வந்து என்னென்னவோ வேலை பார்த்து எங்களைப் படிப்பித்தவர். அவருக்கு ரக்பி இன்னும் 'றகர்'தான், அதுவும் கண்டிப் பக்கத்துப் பெடியள் ஆடுகிற விளையாட்டு. எங்கள் ஊரில் கிரிக்கெட்டும் காற்பந்தும்தானே. பேத்தி சொன்னதை வடிவாகக் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, "மத்தியஸ்தரோ? அதுக்குச் சம்பளம் இருக்கோ?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பொறுத்து, "உதுக்கோ தம்பி இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?"

நியாயமான கேள்விதான். நானும் அதைத்தான் யோசித்தேன். கணக்காளன் புத்தி, இரவிரவாகத் தேடி வாசித்தேன். வாசித்ததில் அப்பாவுக்குச் சொல்லக்கூடிய விஷயம் ஒன்று அகப்பட்டது.

நியூசிலாந்தின் பெரிய நடுவர்களில் ஒருவர் பென் ஓகீஃப். ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தவர், கண் மருத்துவப் பக்கம் வேலை செய்தவர். அப்பாவிடம் சொன்னேன். "டாக்குத்தர் வேலையை விட்டிட்டு விசில் ஊதுறானோ?" என்று திகைத்தார். பிறகு தானே சிரித்தார். "கண் டாக்குத்தரெண்டா, உனக்குக் கண் தெரியாதோ எண்டு ஒருத்தரும் கேக்க ஏலாது." இங்கிலாந்தின் வெய்ன் பார்ன்ஸ் 111 சர்வதேச ஆட்டங்களுக்கு விசில் ஊதினவர், அது உலக சாதனை. அவர் ஒரு அப்புக்காத்து. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசியில் நான் வெங்கட்ராகவனை இறக்கினேன். அப்பாவுக்கு மிகப் பிடித்த மனிதர். 57 டெஸ்ட் ஆடி, 1975, 1979 இரண்டு உலகக் கோப்பையிலும் இந்தியாவுக்குத் தலைவராக நின்று, பிறகு 73 டெஸ்டில் நடுவராக நின்றவர். கிண்டியில் படித்த எஞ்சினியர். ஆக டாக்குத்தர், அப்புக்காத்து, எஞ்சினியர். எங்கள் ஆட்களுக்கு வேறு என்ன வேண்டும்? "அப்ப படிப்பை விடாமல் ஊதட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

சிரிப்பை விட்டுவிட்டு யோசித்தால், அவர்கள் ஏன் டாக்குத்தராகவும் அப்புக்காத்தாகவும் இருந்தார்கள் என்பதில் ஒரு காரணம் இருக்கிறது. ரக்பி 1995இல்தான் சம்பள விளையாட்டானது. அதற்கு முதல் நடுவர் என்றால் வார நாளில் வேறு தொழில். இங்கே முதன்முதலில் விசிலைத் தொழிலாக்கிக்கொண்டவர்களில் ஒருவரான பாடி ஓபிரையன் இன்வர்கார்கில்லில் பொலிஸ்காரராக இருந்தவர். இன்றைக்கும் முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர்கள் மிகச் சிலர். கிளப், பள்ளி ஆட்டம், பிறகு மாகாண ஆட்டம், பிறகு சூப்பர் ரக்பி, பிறகு சர்வதேச ஆட்டம் என்று ஏணி. ஒவ்வொரு படியிலும் ஆட்கள் பாதியாகக் குறைகிறார்கள். ஒவ்வொரு ஆட்டத்தையும் மேலே இருந்து ஒருவர் பார்த்துக் குறிப்பெழுதுகிறார். ஓட்டப் பரீட்சையும் உண்டு. 20 மீட்டர் போய்த் திரும்பி, 40 போய்த் திரும்பி, 60 போய்த் திரும்பி, இப்படி ஐந்து தடவை, நிற்காமல் 1,200 மீட்டர். 'ப்ராங்கோ' என்று பெயர். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற பூங்காவில் மகள் அதை ஓடும்போது நான் மணிக்கூடு பிடிப்பேன். ஒருநாள் நானும் ஓடிப் பார்த்தேன். அதைப் பற்றி மேலே எழுதுவதாக இல்லை.

சரி, அந்த வேலையில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நான் முப்பது வருடமாக ரக்பி பார்த்தவன், எனக்கே மகள் சொல்லித்தான் விளங்கியது. ஒருவனை விழுத்திய உடனே நடப்பதைப் பாருங்கள். விழுத்தியவன் கையை விட்டு விலக வேண்டும். விழுந்தவன் பந்தை விட வேண்டும். வருகிறவன் தன் பக்கத்துப் பின்புறத்தால் வர வேண்டும், பக்கவாட்டில் நுழையக் கூடாது, காலில் நிற்க வேண்டும், மேலே விழக் கூடாது. இவ்வளவும் ஒன்றிரண்டு நொடிக்குள். அதற்குள் நாலு பேர் நாலு பிழை விட்டிருப்பார்கள். எது முதல் நடந்தது, எது ஆட்டத்தைக் கெடுத்தது என்று ஒன்றைத் தெரிந்தெடுத்து ஊத வேண்டும், அல்லது ஊதாமல் விட வேண்டும். ஒரு ஆட்டத்தில் இது நூறு தடவைக்கு மேல் நடக்கும்.

ஊதாமல் விடுவது இன்னும் கஷ்டம். ரக்பியில் 'அட்வான்டேஜ்' என்று ஒன்று. எதிரணி பிழை விட்டாலும், பந்து வைத்திருப்பவர்களுக்கு நல்ல வாய்ப்பு இருந்தால் நடுவர் கையை நீட்டிக்கொண்டே ஆட்டத்தை ஓடவிடுவார். பலன் கிடைத்தால் பிழையை மறந்துவிடலாம். கிடைக்காவிட்டால் திரும்பி வந்து, அந்த இடத்தில், அந்தப் பிழைக்குத் தண்டனை. நடந்ததை ஞாபகம் வைத்துக்கொண்டே நடக்கிறதையும் பார்க்க வேண்டும். எங்கள் வீடுகளில் பிள்ளை பிழை விட்டால் அந்த நொடியே விசில்தான். கையை நீட்டிக்கொண்டு கொஞ்சம் ஓடவிட்டுப் பார்த்த தமிழ் அப்பா யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

அப்பாவுக்குப் பிடித்தது வேறு. தொலைக்காட்சியில் நடுவரின் ஒலிவாங்கி வழியே கதை எல்லாம் கேட்கும் அல்லவா? நூற்றியிருபது கிலோ மலை போன்றவன், மூக்கில் இரத்தம் வடிய, "யெஸ் சேர்" என்கிறான். அணித் தலைவன் மட்டும்தான் நடுவரோடு கதைக்கலாம். வாய் காட்டினால் பெனால்டி இன்னும் பத்து மீட்டர் முன்னால் போகும். "எங்கட பள்ளிக்கூடம் மாதிரி இருக்கு" என்று அப்பா சந்தோஷப்பட்டார்.

மைதானத்துக்குள்ளே அவ்வளவு மரியாதை. வெளியே?

2007 அக்டோபரில் ஒரு ஞாயிறு காலை. எனக்கு இருபத்தைந்து வயது, கல்யாணமாகிப் புதுசு. உலகக் கோப்பைக் காலிறுதி, கார்டிஃபில். பிரான்ஸ் 20, நியூசிலாந்து 18. பிரான்சின் கடைசி ட்ரைக்கு முதல் பந்து முன்பக்கமாகக் கொடுக்கப்பட்டது, நடுவர் அதைப் பார்க்கவில்லை. நடுவர் வெய்ன் பார்ன்ஸ். அப்போது அவருக்கு வயது 28. இந்த நாட்டில் பல வருடம் அந்தப் பெயர் ஒரு கெட்ட வார்த்தை. அன்று இணையத்தில் நானும் எழுதினேன். என்ன எழுதினேன் என்பதை இங்கே எழுத மாட்டேன், என் அம்மா இந்தப் பத்தியை வாசிக்கிறவ. கொலை மிரட்டல் அல்ல. ஆனால் மிரட்டல் எழுதியவர்களுக்குப் பக்கத்தில்தான் என் வரியும் கிடந்தது.

பதினாறு வருடம் கழித்து, 2023 அக்டோபர் 29, மறுபடி ஞாயிறு காலை எட்டு மணி. உலகக் கோப்பை இறுதி, பாரிசில். எங்கள் வீட்டில் இருபது பேர், பிட்டு, சம்பல், முட்டைப் பொரியல். நடுவர் அதே பார்ன்ஸ். எங்கள் தலைவர் சாம் கேனுக்கு மஞ்சள் அட்டை, அது சில நிமிடத்தில் சிவப்பானது. ஆண்கள் உலகக் கோப்பை இறுதியில் அதுதான் முதல் சிவப்பு. ஆரன் ஸ்மித் போட்ட ட்ரையை, பல கட்டம் முன்னால் பந்து கை தவறியது என்று தொலைக்காட்சி நடுவர் டொம் ஃபோலி சொல்லி, பார்ன்ஸ் ரத்துச் செய்தார். 11க்கு 12. ஒரு புள்ளி. வீட்டில் கெட்ட வார்த்தை ஆங்கிலத்திலும் தமிழிலும் பறந்தது. மாமா ஒருவர் செருப்பைக் கழற்றித் தொலைக்காட்சிக்குக் காட்டினார். நானும் சத்தமாகவே கத்தினேன்.

மகள் மட்டும் கத்தவில்லை. எல்லாரும் அடங்கின பிறகு ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டாள். "பந்து கை தவறினதா இல்லையா?" தவறினது. "அப்ப?" மாமா, "அதுக்கு இப்பிடியா பின்னால போறது" என்றார். விதிப்படி அவ்வளவு தூரம் பின்னால் போகலாமா என்று உலகமே வாதாடியது, அது வேறு. அவள் கேட்டது அதுவல்ல.

சில நாளில் பார்ன்ஸ் ஓய்வு அறிவித்தார். தன் குடும்பத்துக்கு வந்த மிரட்டல்களைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னார். சில வாரத்தில் ஃபோலியும், வந்த வசை தாங்க முடியாமல், சர்வதேச ஆட்டங்களிலிருந்து விலகுவதாகச் சொன்னார். எங்கள் கண் டாக்டருக்கும் அதே மாதம்தான் சோதனை. அக்டோபர் 15ஆம் திகதி பிரான்ஸ், தென்னாபிரிக்கக் காலிறுதி ஓகீஃபுடையது. பிரான்ஸ் 28க்கு 29 என்று சொந்த மண்ணில் தோற்றது. பிரெஞ்சுத் தலைவர் துய்போன் நடுவர் தரம் பற்றிக் குறை சொன்னார், இணையம் மிச்சத்தைச் செய்தது. ஆறு நாள் கழித்து அதே மைதானத்தில் அரையிறுதிக்கும் அவர்தான் நடுவர். மைதானம் 'ஊ' என்றது. அவர் விசிலை ஊதி ஆட்டத்தைத் தொடங்கினார். அந்தக் காட்சியை மகள் கைப்பேசியில் எத்தனை தடவை பார்த்தாள் என்று தெரியாது.

எல்லாரும் தாங்குவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் பிரைஸ் லோரன்ஸ், 2011 காலிறுதியில் தென்னாபிரிக்கா தோற்ற பிறகு அந்த நாட்டு ரசிகர்களின் கோபத்தில் அகப்பட்டு, அடுத்த வருடமே விசிலை வைத்துவிட்டார். பிறகு நியூசிலாந்து ரக்பியில் நடுவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்கு வந்தார். பாடி ஓபிரையன் 1999இல் துலூசில் பிரான்ஸ், ஃபிஜி ஆட்டத்தில் ஃபிஜிக்குப் பிழை செய்துவிட்டதாகத் தானே ஒத்துக்கொண்டார். விட்டுவிடலாமா என்று யோசித்தார், விடவில்லை. பிற்காலத்தில் உலக ரக்பி நடுவர்களுக்கெல்லாம் தலைவரானார். இந்தத் தொழிலில் பிழை செய்யாத ஆள் என்று ஒருவர் இல்லை. பிழை செய்த அடுத்த சனிக்கிழமை என்ன செய்கிறார் என்பதில்தான் தொழில் இருக்கிறது.

நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு எடுத்தால், 'மிச்சம் இரண்டு எங்கே?' என்று கேட்கிற வீட்டில் வளர்ந்தவன் நான். உங்களில் பாதிப் பேரும் அப்படித்தான். இதை எழுதும்போது அது ஞாபகம் வருகிறது.

இனி, சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் குளிர்காலம், ஜூன் மாதம், சரியான மழை. மகனுக்குப் பதின்மூன்று வயது, பதினாலு வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடுகிறான். நடுவர் வரவில்லை. கார் பழுதாம். மகள் காலையிலேயே வேறு ஆட்டம் முடித்துவிட்டு, சேற்றுச் சப்பாத்தோடு தம்பியைப் பார்க்க வந்திருந்தாள். பயிற்சி பெற்றவள் என்று தெரிந்ததும் இரண்டு பக்கத்துப் பயிற்றுநர்களும் அவளைக் கேட்டார்கள். "என் தம்பி ஆடுகிறான்" என்று எதிரணிப் பயிற்றுநரிடம் முதலே சொன்னாள். அவர் பரவாயில்லை என்றார்.

இரண்டாம் பாதி. நாங்கள் இரண்டு புள்ளி முன்னால். மகன் ஒரு பெரிய பெடியனை விழுத்தப் போய், தலை அவன் இடுப்பில் பட்டு விழுந்தான். எழும்பினான். ஓடினான். ஆனால் ஓடியது பிழையான பக்கம், இரண்டு மூன்று அடி. பிறகு திரும்பிச் சரியான இடத்துக்கு வந்துவிட்டான். நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். விசில். கிட்டப் போய் ஏதோ கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். பைக்குள் கையை விட்டாள். நீல அட்டை.

தெரியாதவர்களுக்கு: நீல அட்டை என்றால் தண்டனை அல்ல. தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் நடுவர் காட்டுவது. அன்றைக்குத் திரும்பி ஆட முடியாது. குறைந்தது மூன்று வாரம் ஓய்வு, பிறகு வைத்தியரின் கடிதம். பயிற்றுநரோ, தாய் தகப்பனோ, பிள்ளையோ மாற்ற முடியாது. சந்தேகம் போதும், நிச்சயம் தேவையில்லை.

அடுத்த வாரம் மகனுக்குத் தெரிவுப் போட்டி. போன வருடம் தவறியது. இந்த வருடம் முழுக்க அதற்காகவே ஓடினான். அது எல்லாம் என் தலைக்குள் ஒரே நேரத்தில் வந்தது. கோட்டோரத்தில் நின்று, தமிழில், உரத்து, "பிள்ளை, அவனுக்கு ஒண்டுமில்லை! விடு! அடுத்த கிழமை செலக்‌ஷன் தெரியும்தானே!" என்று கத்தினேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பி அழுதுகொண்டு வெளியே வந்தான். ஆட்டம் தொடர்ந்தது. 17க்கு 19, தோற்றோம்.

முடிந்து கை கொடுக்கும்போது எதிரணிப் பயிற்றுநர் அவளிடம் சிரித்துக்கொண்டே கேட்டார், உன் அப்பா என்ன கத்தினார் என்று. நான் நாலு அடி தள்ளி நின்றேன். 'கவனமாக இரு எண்டு சொன்னார்' என்று சொல்லியிருக்கலாம். எங்கள் பிள்ளைகள் இந்த நாட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் அப்படித்தானே மொழிபெயர்த்து எங்களைக் காப்பாற்றுகிறார்கள். நானும் சின்ன வயதில் அப்பாவுக்காக எத்தனை கவுண்டரில் அப்படிச் செய்திருக்கிறேன். அவள் அப்படியே, சொல்லுக்குச் சொல், ஆங்கிலத்தில் சொன்னாள். தம்பிக்கு ஒன்றுமில்லை, விட்டுவிடு, அடுத்த வாரம் தெரிவுப் போட்டி இருக்கிறது என்று அப்பா சொன்னார் என்றாள். அவர் முகத்தில் சிரிப்பு நின்றது. நான் போய் மன்னிப்புக் கேட்டேன். நல்ல மனிதர், தோளில் தட்டிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

காரில் ஒருவரும் கதைக்கவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தின பிறகு, மகன் இறங்கிப் போன பிறகு, அவள் சொன்னாள். தமிழில்தான் சொன்னாள், அதுதான் எனக்கு இன்னும் உறைத்தது. "நீங்கள் கத்தினது பிரச்சினை இல்லை அப்பா. எல்லா அப்பாக்களும் கத்துறவை. தமிழில கத்தினீங்களே. அங்க எனக்கு மட்டும்தான் விளங்கும் எண்டு தெரிஞ்சு கத்தினீங்கள்."

பதில் இல்லை. இப்போதும் இல்லை.

வைத்தியரிடம் காட்டினோம். அவர் என்ன சொன்னார் என்று எல்லாரும் கேட்கிறார்கள், கதைக்கு ஒரு முடிவு வேண்டும் என்று. 'லேசாக இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம், ஓய்வெடுக்கட்டும்' என்றார். அவ்வளவுதான். மகன் தெரிவுப் போட்டிக்குப் போகவில்லை. அக்காவோடு ஒன்பது நாள் கதைக்கவில்லை. பத்தாம் நாள் அவளுடைய சார்ஜரைக் கேட்டான், அதோடு சரி. அவள் சரியா பிழையா என்று அவளுக்கும் தெரியாது. ஒருநாள் இரவு, பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன், "வேற ஒரு பெடியன் எண்டாலும் காட்டியிருப்பியோ?" கொஞ்சம் யோசித்தாள். "வேற பெடியன் எண்டா கெதியாக் காட்டியிருப்பன். தம்பி எண்டபடியா இரண்டு செக்கன் பிந்தினது. அதுதான் எனக்குக் கவலை."

2017 ஜூலையில் ஈடன் பார்க்கில் லயன்ஸ் அணியோடு நடந்த மூன்றாவது டெஸ்ட் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 15க்கு 15, ஓரிரு நிமிடம் மிச்சம், பிரெஞ்சு நடுவர் றொமேன் புவாத் எங்களுக்குப் பெனால்டி என்று கையைத் தூக்கிவிட்டு, திரையில் பார்த்து, ஸ்க்ரம் என்று மாற்றினார். தொடர் சமநிலையில் முடிந்தது. எட்டு வருடமாக நான் அந்த மனிதரை விடவில்லை, யார் வந்தாலும் அந்தக் கதையை எடுப்பேன். அன்றைக்கும், ஏதோ கதையை மாற்றுவதற்காக, அதைத் தொடங்கினேன். மகள் துடைத்த தட்டை அடுக்கிக்கொண்டே, "எண்பதாயிரம் கண் பார்த்துக்கொண்டிருக்கேக்க, தான் பிழை விட்டிட்டன் எண்டு நினைச்சு மாத்துறதுக்கு எவ்வளவு துணிவு வேணும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ" என்றாள். மாற்றினது சரியா என்று கேட்டேன். "அது வேற கேள்வி" என்றாள்.

இந்த வருடக் கடைசியில் அவளுக்குப் பெரிய சோதனை. ஹெல்த் சயன்ஸுக்கு விண்ணப்பம் போடுகிறாள். ஆக்லாந்தில் இருக்கவே வீட்டில் ஆசை. அவளுக்கு டனிடினுக்கு, ஒட்டாகோவுக்கு, போக வேண்டும். ஏன் என்று கேட்டால் மருத்துவத்துக்கு நல்ல இடம் என்கிறாள். அங்கே மாணவர் ரக்பி ஆட்டங்கள் ஏராளம் என்பது எங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறாள். மனைவிக்கு விருப்பமில்லை, குளிர், தூரம், சாப்பாடு. அப்பாவோ, "கண் டாக்குத்தர் அங்கதானே படிச்சவர்" என்று பேத்தி பக்கம் சாய்ந்துவிட்டார். இந்த வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. விசில் தொழிலாக வருமா என்றால், பெரும்பாலும் வராது. அவளுக்கும் அது தெரியும். உங்கள் பிள்ளை கேட்டால், பள்ளியிலோ உள்ளூர் நடுவர் சங்கத்திலோ விசாரியுங்கள், ஆட்கள் போதாமல் அவர்கள் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஏன் போதவில்லை என்பதற்கு என்னைப் போன்றவர்களும் ஒரு காரணம்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு இந்த வார ஆட்டத்தின் செய்தி வந்தது. சனிக்கிழமை காலை ஒன்பது மணி, பதினைந்து வயதுக்குட்பட்டோர், வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம். அவளுக்கு இன்னும் முழு லைசென்ஸ் இல்லை, நான்தான் ஓட்ட வேண்டும். கோட்டோரத்துக்கு வரலாம், ஆனால் கயிற்றுக்குப் பின்னால், என்று நிபந்தனை. அம்மா ஒரு போத்தலில் தேத்தண்ணியும், ஒரு டப்பாவில் வடையும் கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறா. வாய் நிறைய வடை இருந்தால் கத்த முடியாதாம். மழை வரும் என்று சொல்லுறாங்கள்.